வாசலில் நிற்பவரும் வாராதவரும்

நகராண்மைக் கழக உறுப்பினர் இருவரை மனத்தில் எண்ணிப் பார்ப்போம். ஒருவரது வீட்டு வாசலில் மாலைதோறும் இருபது முப்பது பேர் காத்திருப்பர். கால்வாய் அடைப்பு, எரியாத தெருவிளக்கு, அங்காடிக் கடைக்கு உரிமம் என ஒவ்வொருவர் கையிலும் ஒரு மனு இருக்கும். அவர் எவரையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்புவதில்லை. அதிகாரிக்குத் தொலைபேசியில் ஒரு சொல் சொல்லுவார். மறுநாள் வேலை நடந்துவிடும். மற்றவரோ, வரவு செலவுத் திட்டப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, எந்த வட்டாரத்துக்கு எவ்வளவு, ஏன் அவ்வளவு என்று வரிவரியாகப் பார்த்துக்கொண்டிருப்பவர். அவர் வாசலில் கூட்டமில்லை. இவ்விருவருள் நல்லவர் யார் என்று ஊரைக் கேட்டால், ஊர் முன்னவரையே சுட்டும். மாலையும் பொன்னாடையும் அவருக்கே போகும்.

ஊரின் தீர்ப்பு சரிதானா? உதவி செய்தல் அறம் என்றும், கணக்குப் பார்த்தல் வெறும் அலுவல் என்றும் நாம் பிரித்து வைத்திருக்கிறோமே, அப்பிரிவினை தகுமா? இதனை ஆராய்வதே நம் நோக்கம்.

முதலில் உறுப்பினரின் பணி இன்னதெனத் தெளிவோம். ஊராட்சி மன்றம் தன் எல்லைக்குட்பட்ட வீட்டுக்கும் கடைக்கும் மதிப்பீட்டு வரி விதிக்கிறது. மலாய் மொழியில் மக்கள் அதற்கு இட்டு வழங்கும் பெயர் 'சுக்காய் பிந்து'. வாசல் வரி என்பது அதன் பொருள். அவ்வரியைக் கொண்டும், உரிமக் கட்டணம் முதலியவற்றைக் கொண்டும் கால்வாய்கள் தூர் எடுக்கப்படுகின்றன, தெருவிளக்குகள் எரிகின்றன, சந்தையும் விளையாட்டுத் திடலும் பேணப்படுகின்றன. மலேசியாவில் 1976ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டப்படி, தலைவரை நீக்கி 8 பேருக்குக் குறையாமலும் 24 பேருக்கு மேற்படாமலும் உறுப்பினரை மாநில அரசு நியமிக்கிறது. ஒரு நியமனத்தின் காலம் 3 ஆண்டுக்கு மேற்படுவதில்லை. வரும் ஆண்டின் வரவு செலவு மதிப்பீட்டை இவ்வுறுப்பினர் கூடி ஏற்கவேண்டும். மாநில அரசின் ஒப்புதலும் பெறவேண்டும். ஆக, உறுப்பினருக்குரிய வேலை இரண்டு. வாசலுக்கு வந்தவரின் குறையைக் கேட்டல் ஒன்று. வாசல்தோறும் வாங்கிய பணத்தைப் பங்கிடுதல் மற்றொன்று.

சிங்கப்பூரில் நிலைமை சற்று வேறு. அங்கு 1957இல் மக்கள் வாக்களித்து மாநகர் மன்றத்தைத் தேர்ந்தெடுத்தனர். 1959இல் தன்னாட்சி வந்தபின் அம்மன்றத்தின் பணிகளை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. பின்னர், 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக நகர மன்றங்கள் தோன்றின. அவற்றை நடத்துவோர் நாடாளுமன்ற உறுப்பினர். மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் அமர்ந்து குறை கேட்பவரும் அவரே. அடுக்குமாடிக் குடியிருப்பாளர் மாதந்தோறும் கட்டும் பராமரிப்புக் கட்டணத்துக்குப் பொறுப்பாளியும் அவரே. எனவே, வாசலும் கணக்கும் ஒருவர் தோளிலேயே சுமத்தப்படுவது இரு நாட்டுக்கும் பொது.

நிற்க. வாசற்பணியை நாம் இழிவாகக் கருதவில்லை. கணக்குப் புத்தகத்துக்கு மூக்கில்லை. அடைபட்ட கால்வாயின் நாற்றம் அதற்குத் தெரியாது. 'வடிகால் பராமரிப்பு' என்று எழுதி அதற்கெதிரே ஒரு தொகையைக் குறித்துவிட்டால், புத்தகத்தைப் பொறுத்தமட்டில் எல்லாக் கால்வாயும் ஓடும். ஓடவில்லை என்று சொல்ல ஒரு மனிதர் வரவேண்டும். நனைந்த பாயையும் நோயுற்ற குழந்தையையும் பற்றிச் சொல்ல அவருக்கு ஒரு வாசல் வேண்டும். கேட்க ஒரு செவி வேண்டும். வாசலை அடைத்துக்கொண்டு கணக்கை மட்டும் பார்ப்பவர், மக்களை எண்களாகவே காணப் பழகிவிடுவார். அதுவும் ஒரு கொடுமையே.

ஆயினும் வாசலில் ஓர் அபாயம் மறைந்திருக்கிறது. வாசலுக்கு வருபவர் யார்? மாலையில் ஓய்வுள்ளவர், வண்டியுள்ளவர், மனு எழுதத் தெரிந்தவர், உறுப்பினரையோ அவர்தம் கட்சிக்காரரையோ அறிந்தவர், அறியாவிடினும் அஞ்சாமல் பேசக்கூடியவர். வாராதவர் யார்? ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலியை இழப்பவர்; படுக்கையில் கிடக்கும் தாயை விட்டு நகர முடியாத மகள்; 'நாம் போனால் நம் பேச்சு எடுபடுமா?' என்று பல முறை ஏமாந்து ஓய்ந்த முதியவர்; பள்ளிப் பிள்ளைகள்; இன்னும் பிறவாதவர். வந்தவரின் குறையைத் தீர்ப்பதே பணி என்று ஓர் உறுப்பினர் கொள்வாராயின், அவர் தம்மை அறியாமலே, வரக்கூடியவர்க்கு மட்டும் உறுப்பினராகிவிடுகிறார். வாசலில் நிற்பவர் ஏழையாயிருக்கலாம்; ஆனால் வாராதவர் பெரும்பாலும் அவரினும் ஏழை.

தோட்டத்தில் கணக்கெழுதும் நமக்கு இது எளிதில் விளங்கும். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, வந்தவர்க்குச் செக்ரோலில் புள்ளி வைக்கிறோம். மாத முடிவில் அப்புள்ளிகளே சம்பளமாகின்றன. வேலை செய்தவர் யாரேனும் செக்ரோலில் பெயர் ஏறாமல் விடுபட்டால், அவர் வியர்வை சிந்தியது எவ்வளவு உண்மையாயினும் சம்பள நாளில் அவருக்குக் காசில்லை. வரவு செலவுத் திட்டமும் ஊருக்கு ஒரு செக்ரோல் போன்றதே. அதில் இடம்பெறாத தெரு, அவ்வாண்டு முழுதும் இல்லாத தெருவாகும். யார் பெயரை எழுதுவது, யார் பெயரை விடுவது என்பது எழுத்து வேலையன்று. அது நீதி.

தோட்ட மக்கள் இவ்வாறு விடுபட்டவரே. தோட்டம் தனியார் நிலம். உள்ளே இருக்கும் சாலையும் கால்வாயும் விளக்கும் நிர்வாகத்தின் பொறுப்பு என்பது நெடுங்கால வழக்கு. 1990ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டமும் வீடு, தண்ணீர் முதலிய அடிப்படை வசதிகளை முதலாளியின் கடமையாகவே வைத்தது. லயத்து வீட்டுக்காரர் பெயருக்கு வாசல் வரிச் சீட்டு வருவதில்லை. வரிச் சீட்டில்லாதவர் மன்றத்தின் கண்ணுக்கும் தென்படுவதில்லை. தோட்டங்கள் பல வீட்டு மனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபின், நம் மக்கள் நகரோர அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தனர். வரிச் சீட்டு வந்தது. ஆனால் மன்றத்தின் வாசல் எங்கே இருக்கிறது என்பதை அவர்கட்கு யாரும் சொல்லித் தரவில்லை. துரையிடமும் கிராணியிடமும் கேட்டே பழகிய வாய், உரிமையைக் கேட்கும்போதும் இரந்தே கேட்டது.

இங்கே இரண்டாவது தீங்கு ஒன்றைக் காண்கிறோம். வரி கட்டியவருக்குக் கால்வாயைச் சுத்தம் செய்து தருவது மன்றத்தின் கடமை. அக்கடமை உறுப்பினரின் தொலைபேசிச் சொல்லால் மட்டுமே நடக்குமென்றால், உரிமை தானமாக மாறுகிறது. கடமை செய்தவர் வள்ளலாகிறார். உரிமை பெற்றவர் கடனாளியாகிறார். அக்கடனை அவர் கைகட்டி நிற்பதாலும், கூட்டத்துக்கு ஆள் சேர்ப்பதாலும், கேள்வி கேளாமல் வாய் மூடியிருப்பதாலும் தீர்க்க வேண்டியவராகிறார். கால்வாய் ஓடத் தொடங்கியது. மனிதரின் தலை குனிந்தது. இந்த விலையில் கிடைக்கும் உதவி மலிவானதன்று.

மூன்றாவது தீங்கு இன்னும் நுட்பமானது. ஓர் உதாரணம் கூறுவோம். வறட்சிக் காலத்தில் ஒரு தோட்டத்துக்குத் தண்ணீர் லாரி வருகிறது என்று வைத்துக்கொள்க. லாரியில் 5,000 லிட்டர், வீடுகள் 50, வீட்டுக்கு 100 லிட்டர். பங்கிடும் கிராணிக்குப் பழக்கமான ஒருவர், 'ஐயா, என் வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, இன்னும் 100 லிட்டர் வேண்டும்' என்கிறார். கிராணி மனமிரங்கிக் கொடுக்கிறார். காண்போர் அவரைக் கருணையுள்ளவர் என்பர். ஆனால் அவர் கொடுத்தது தம் தண்ணீரன்று. வரிசையின் கடைசியில் நின்ற ஐம்பதாம் வீட்டாரின் தண்ணீர். அவ்வீட்டிலும் ஒரு கைக்குழந்தை இருந்திருக்கலாம். அதனை அவர் கேட்கவில்லை. கேட்க அவருக்குத் தோன்றவுமில்லை.

அப்படியாயின் குழந்தையுள்ள வீட்டுக்குக் கூடுதலாகக் கொடுக்கவே கூடாதா? கொடுக்கலாம், கொடுக்கத்தான் வேண்டும். ஐம்பது வீடுகளுள் கைக்குழந்தையுள்ளவை எத்தனை என்று முதலில் எண்ண வேண்டும். பத்து என்போம். அப்பத்து வீட்டுக்கும் 140 லிட்டர். ஏனைய நாற்பது வீட்டுக்கு 90 லிட்டர். கணக்குச் சரியாக 5,000 ஆகிறது. முன்னே ஒருவர் பெற்ற சலுகை, இப்போது பத்துப் பேரின் உரிமையாயிற்று. எவரும் கெஞ்சவில்லை, எவருடைய பங்கும் மறைவில் பறிபோகவில்லை, குறைத்துக்கொண்டவர்க்கும் காரணம் தெரிகிறது. இரக்கம் அழியவில்லை, அது விதியாக வளர்ந்திருக்கிறது. நல்ல வரவு செலவுத் திட்டம் என்பது இவ்வாறு எண்ணிப் பார்த்துப் பங்கிட்ட இரக்கமே.

மன்றத்தின் லாரியும் அத்தகையதே. ஓர் உறுப்பினரின் சொல்லுக்காக நாளைக் காலை ஒரு தெருவுக்குத் தூர்வாரும் ஆட்கள் வந்தால், அவர்கள் வேறொரு தெருவுக்குப் போயிருக்க வேண்டியவர்கள். அந்த வேறொரு தெரு எது என்று தெரியாதவரை உறுப்பினரின் மனச்சாட்சி அமைதியாக இருக்கிறது. தெரிந்துகொள்ள முயல்வதே அவருடைய அறம் தொடங்கும் இடம்.

வாராதவருள் இன்னும் பிறவாதவரையும் சேர்த்தோமன்றோ? அவர்க்கும் கணக்கில் இடமுண்டு. சிங்கப்பூர் நகர மன்றங்கள் தாம் வாங்கும் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தனி நிதியாக ஒதுக்கி வைக்கவேண்டுமெனச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. மின்தூக்கியை மாற்றுதல், கூரையைப் புதுப்பித்தல், கட்டடத்துக்குச் சாயம் பூசுதல் ஆகிய பிற்காலச் செலவுகட்கு அந்நிதி. பத்தாண்டு கழித்துப் பழுதாகப் போகும் மின்தூக்கிக்காக இன்று எவரும் மக்கள் சந்திப்பில் வந்து மனுக் கொடுப்பதில்லை. அன்று அதில் ஏறப்போகும் கிழவியின் சார்பில் இன்று பேசுவது அக்கணக்கு ஒன்றே.

கணக்கு முறையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நம்மவர் மேடைதோறும் உத்தரமேரூரைச் சுட்டுவர். பராந்தக சோழன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் குடவோலை முறையை விளக்குகின்றன. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் வாரியத்துக்கு ஆகார் என்ற விதி அவற்றில் உண்டு. போற்றத்தக்க விதியே. ஆயின், கால் வேலிக்கு மேல் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய ஆடவரின் பெயர்களே அக்குடத்துக்குள் சென்றன என்பதையும் அதே கல்வெட்டு கூறுகிறது. உழுதவர் பெயரும் பெண்டிர் பெயரும் குடத்தில் இல்லை. கணக்கு ஒழுங்காயிருந்தால் மட்டும் போதாது. கணக்குக்குள் யார் இருக்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி, வாசலையும் கணக்கையும் இணைக்கும் வழி யாது? அது அரிய வழியன்று. வரும் குறை ஒவ்வொன்றையும் இடம், நாள், பொருள் குறித்து ஒரு புத்தகத்தில் எழுதுக. வரவு செலவுத் திட்டம் வகுக்கும் மாதத்தில் அப்புத்தகத்தைப் புரட்டுக. ஒரே கால்வாயைப் பற்றி மூன்று முறை மனு வந்திருந்தால், அது இனி மனுவன்று. திட்டத்தில் விடுபட்ட ஒரு வரி. அதனை எழுதச் சொல்லி மன்றத்தில் பேசுக. பிறகு ஊர்ப் படத்தை எடுத்து, ஆண்டு முழுதும் ஒரு மனுவும் வாராத தெருக்களைக் குறித்துக்கொள்க. அங்கே குறையே இல்லையா, அன்றிக் குறை சொல்ல ஆளில்லையா என்று நேரில் சென்று காண்க. வாசலைத் திறந்து வைப்பது பாதிக் கடமை. வாராதவர் வாசலுக்குத் தாமே செல்வது மறுபாதி.

பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல் இதனைப் பெரிய அளவில் செய்து காட்டியது. வட்டாரந்தோறும் மக்கள் கூடித் தமக்கு முதலில் வேண்டியது இன்னதென முடிவு செய்தனர். பணத்தைப் பங்கிடும்போது மக்கள் தொகையோடு, எந்த வட்டாரத்தில் அடிப்படை வசதி மிகக் குறைவு என்பதும் கணக்கில் சேர்க்கப்பட்டது. உரக்கக் கேட்டவர்க்கு அதிகம் என்பது போய், இல்லாதவர்க்கு அதிகம் என்பது விதியாயிற்று. பினாங்கிலும் 2012 முதல் சில அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஆண், பெண், முதியோர், இளையோர் எனத் தனித்தனியே கூட்டிக் கேட்டு, வாக்கெடுத்து, அதன்படி செலவு செய்யும் முயற்சி தொடங்கியது. கூட்டத்தில் பேசக் கூசும் பெண்ணும் இவ்வாறு கேட்டால் பேசுவாள் என்பதே அதன் அடிப்படை.

இதற்குத் தடை கூறுவோர் இருவகையினர். முதலாமவர், 'இன்றிரவு வீட்டில் வெள்ளம் புகுந்தவருக்கு அடுத்த ஆண்டுத் திட்டத்தையா காட்டுவது?' என்பர். அன்று. இன்றிரவு செய்யவேண்டியதை இன்றிரவே செய்க. ஆனால் செய்யுமுன் தம்மைத் தாமே ஒரு கேள்வி கேட்டுக்கொள்க: 'இதே துன்பத்தோடு முன்பின் அறியாத ஒருவர் வந்தாலும் இதையே செய்வேனா?' ஆம் என்றால் அது கடமை, அச்சமின்றிச் செய்யலாம். இல்லை என்றால், அது எவ்வளவு இனிய முகத்தோடு செய்யப்படினும், பொதுச் சொத்தைத் தமக்கு வேண்டியவர்க்கு எடுத்துக் கொடுத்ததேயாகும்.

இரண்டாமவர், 'திட்டத்தை வகுப்பவர் அதிகாரிகள். ஒப்புவது மாநில அரசு. நியமன உறுப்பினரால் ஆவதென்ன?' என்பர். இவ்வாதத்தில் உண்மையுண்டு. மலாயாவின் முதல் ஊராட்சித் தேர்தல் 1951 டிசம்பர் 1இல் ஜார்ஜ் டவுனில் நடந்தது. 1957இல் மாநகரான அவ்வூரில், 1950களின் பிற்பகுதியில் டி. எஸ். இராமநாதன் மேயராக விளங்கினார். 1965இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. ஊராட்சி மன்றங்களை ஆராய அமைந்த அரச ஆணையம், செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் பணியாற்றி, 1968இல் தன் அறிக்கையை முடித்தது. மன்றங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டவையாகவே இருக்கவேண்டும் என்று அது பரிந்துரைத்தது. அதனை அரசு ஏற்கவில்லை; 1976ஆம் ஆண்டுச் சட்டம் நியமனத்தையே நிலைநாட்டியது. வாக்குக் கேட்க வேண்டாத உறுப்பினர், தம்மை நியமித்தவரையே நோக்கியிருப்பது இயல்பு. தேர்தல் வேண்டுமென்று கேட்பதும் நம் கடமையே.

ஆனால் தேர்தல் வந்துவிட்டால் மட்டும் இக்கேள்வி தீராது என்பதையும் உணர்தல் வேண்டும். வாக்குக்காக வாசலைத் திறப்பவரும், வந்தவரையே காண்பர், வாக்களிப்போரையே எண்ணுவர். நியமிக்கப்பட்டவராயினும் உறுப்பினருக்கு மன்றத்தில் ஒரு வாக்குண்டு, ஒரு நாவுண்டு, அவர் கேட்ட கேள்வி கூட்டக் குறிப்பில் ஏறும். 'இவ்வட்டாரத்துக்கு இவ்வளவு, அவ்வட்டாரத்துக்கு ஏன் அதில் பாதி?' என்ற ஒரு கேள்வி, நூறு தொலைபேசிச் சொல்லினும் நெடுநாள் வேலை செய்யும்.

ஈதெல்லாம் உறுப்பினருக்கு மட்டும் கூறும் அறிவுரையா? அன்று. நாமே அவரை அவ்வாறு ஆக்கி வைத்திருக்கிறோம். நம் தெரு விளக்கெரிந்தால் மாலை போடுகிறோம். அடுத்த தெரு இருண்டிருப்பதைப் பற்றி நாம் கேட்பதில்லை. ஊராட்சி மன்றக் கூட்டம், மன்றமே தீர்மானம் செய்து தடுத்தாலன்றி, பொதுமக்களுக்குத் திறந்திருக்கவேண்டும் என்று 1976ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. நம்மவருள் எத்தனை பேர் ஒருமுறையேனும் அங்குச் சென்று அமர்ந்திருக்கிறோம்? ஒவ்வொரு குடியிருப்பிலும் படித்த இளைஞர் இருவர் திட்டப் புத்தகத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளட்டும். நம் சங்கங்களும் வாசக சாலைகளும், பொன்னாடைக்குச் செலவிடும் காசில் ஒரு பகுதியை அதற்குச் செலவிடட்டும். நமக்கு வேண்டியதை மட்டும் கேளாமல், நம்மோடு வாராதவருக்கும் வேண்டியதைச் சேர்த்துக் கேட்போம். அவர் தமிழராயிருக்கலாம், மலாய்க்காரராகவோ சீனராகவோ இருக்கலாம், நேற்று வந்திறங்கிய வேற்று நாட்டுத் தொழிலாளியாயிருக்கலாம். அடைபட்ட கால்வாயின் கொசு எவரையும் இனம் கேட்டுக் கடிப்பதில்லை.

இப்போது முதற் கேள்விக்கு விடை கூறலாம். வாசலை மட்டும் காப்பவரும் முழு உறுப்பினரல்லர். கணக்கை மட்டும் பார்ப்பவரும் முழு உறுப்பினரல்லர். வாசலில் கேட்டதைக் கணக்கில் எழுதி, கணக்கில் இல்லாதவரை ஊருக்குள் தேடிச் செல்பவரே அப்பெயருக்குரியவர். அத்தகையவர் பணி செய்யச் செய்ய, அவர் வாசலில் கூட்டம் குறையும். ஏனெனில் கெஞ்சிப் பெறவேண்டியவை குறைந்துபோகும். அந்நாளில் மாலையோடு அவரைத் தேடி வருவோரும் குறைவர். அதனை இழப்பென்று கருதாத உறுப்பினரையும், அவரை மறவாத மக்களையும் உண்டாக்குவதே நம் முன்னுள்ள வேலை.